உத்தரவின்றிப் பிரிக்கலாகாது

ஆறாம் லயம், மேல் டிவிசன்,
டயகம.
24-1-1956

என் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அத்தான் அவர்களின் சமூகத்திற்கு, சண்முகவடிவு வணங்கி வரையும் மடல்.

இங்கு நானும் மகள் பூரணியும் நலம். துக்க வீட்டுக்கு வரும் கடிதமாதலால் தலைப்பில் மங்கல வாசகம் எதுவும் இடவில்லை. மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். மறக்கும் வழக்கம் எனக்கில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

அத்தை அவர்கள் இறைவனடி சேர்ந்த செய்தி தாங்கிய கடிதம் நேற்றுக் காலை பெரட்டில் பெயர் கூப்பிடும் வேளையில் கிடைத்தது. வாசித்துச் சொன்னதும் லயத்துப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். நான் அத்தையைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் தலைமுழுகிக் காம்பராவில் விளக்கேற்றி வைத்தேன். திருச்சியில் தாங்கள் எவ்வளவு கலங்கியிருப்பீர்கள் என்பதை எண்ணியே என் கண் நனைந்தது.

ஆனால் அக்கடிதத்தில் ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. 'அம்மாவுக்கு அண்ணன் கொள்ளி வைத்தார்' என்று இருக்கிறது. அண்ணன் ஏன் வைத்தார்? தந்தைக்குத் தலைமகன், தாய்க்குக் கடைசி மகன் என்பதல்லவா நம் வழக்கம்? அந்த ஒரு கடமைக்காக அல்லவா, தேயிலை ஸ்டோரில் ரோலர் பெல்ட்டில் சிக்கி வலக்கை எலும்பு முறிந்த மூன்றாம் நாளே, மாவுக்கட்டின் ஈரம்கூட உலராத நிலையில், தாங்கள் ஆகாய விமானம் ஏறினீர்கள்? தாங்கள் போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. அத்தை கண் மூடியது திங்கட்கிழமை. இடையில் மூன்று நாள் இருந்தும், கொள்ளிச் சட்டி தங்கள் கைக்கு வராமல் போன காரணம் என்ன? வலக்கை இயலாவிட்டால் இடக்கை இல்லையா?

தங்கள் தமையனாரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. எனினும் பதினொரு ஆண்டுகளாக ஒரு அஞ்சலட்டை எழுதாதவர், திடீரென்று விமானச் சீட்டுக்கே ஏற்பாடு செய்து தந்தி கொடுத்ததை நான் அன்றே வியந்தேன். கொள்ளி வைத்தவனுக்கே தாயின் புஞ்சை என்று ஊரில் பேச்சு இருக்குமானால், அந்த வியப்புக்கும் விடை கிடைத்துவிடும். எந்தக் காகிதத்திலும் தாங்கள் பெருவிரலை வைத்துவிட வேண்டாம்.

கடிதம் தங்கள் எழுத்தில் இல்லை. வலக்கை கட்டில் இருக்கிறது, ஆகவே பிறர் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் புரியாததன்று. அண்ணியாரின் தங்கை அழகம்மா எழுதியது என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் கண்டேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் விமானம் என்பதை மூன்று இடத்திலும் 'விமாணம்' என்று எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போனவர் என்று கேள்வி. மிளகாய் கட்டி வந்த காகிதத்தையும், பருப்புக் கட்டி வந்த காகிதத்தையும் விரித்து வைத்து எழுத்துக் கற்ற நானே அப்பிழையைச் செய்ய மாட்டேன்.

போகட்டும். எழுதியது அவராயினும் சொன்னது தாங்கள்தானா என்பதே என் ஐயம். ஆகவே ஒரு கேள்வி. இரத்மலானையில் விமானத்துக்குள் கூப்பிடுமுன், தங்கள் இடப்பக்கச் சட்டைப் பையில் நான் என்ன பொருளை வைத்தேன்? எதற்காக வைத்தேன்? இதற்கு விடை தெரிந்தவர்கள் உலகில் இருவரே.

கட்டுடன் பயணம் இடையூறின்றி முடிந்ததா என்பதையும் தாங்கள் எழுதவில்லை. புறப்படுமுன் நடந்தது நினைவிருக்கும். கட்டுப் போட்ட டிஸ்பென்சர் ஐயா நம் இருவரையும் தனியே அழைத்து, "வடிவு, புதுக்கட்டு. மேல பறக்கிறப்ப கை ஊதும். நீளவாக்குல ஒரு கீறு கீறி, துணியச் சுத்தி அனுப்புவோம்" என்றார். தாங்களும் தலையசைத்தீர்கள். நான்தான் கூடாதென்று மறுத்தேன். கீறிய கட்டுக்குள் தங்கம் வைத்துக் கடத்தியவரைச் சுங்கத்தில் பிடித்த செய்தியை, ஜமால்தீன் நானா கடையில் கருவாடு சுற்றித் தந்த பத்திரிகையில் நான் வாசித்திருந்தேன். கட்டில் கீறல் இருந்தால் அதிகாரி ஐயுறுவார். அல்லது வழியில் எவனாவது எதையாவது திணித்துவிடுவான். டிஸ்பென்சர் ஐயாவுக்கும் திருச்சியில் உறவினர் உண்டு என்பதை நான் மறக்கவில்லை.

அத்துடன் நில்லாமல், மைப் பென்சிலை நாவில் நனைத்துக் கட்டின் மீது என் கைப்பட எழுதினேன்: 'தோட்ட மருத்துவசாலையில் இடப்பட்ட கட்டு. உத்தரவின்றிப் பிரிக்கலாகாது.' இரத்மலானையில் சுங்க அதிகாரி ஒரு தமிழ் எழுத்தரைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கட்டை இருமுறை தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாரே! மற்றவர்களின் மூட்டைகளையெல்லாம் கொட்டிக் கிளறினார்கள். எழுத்துக்கு உள்ள வலிமை அத்தகையது.

டிஸ்பென்சர் ஐயா நாள்தோறும், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துப் பக்கம் வந்து, "வெரலு அசையுதான்னு கேட்டு எழுதினியா? என்னா நெறம்னு கேட்டியா?" என்கிறார். நான் பால் கலக்கும் நேரம் பார்த்து வந்து நிற்கிறார். தங்கள் விரலின் நிறத்தில் அவருக்கு என்ன இத்தனை அக்கறை என்று விளங்கவில்லை. இருந்தும் கேட்டு வைக்கிறேன்: விரல்கள் அசைகின்றனவா? நிறம் எப்படி? கட்டோடு ஒரு நிழற்படம் எடுத்து அனுப்பினால் நலம்.

முதன்மையான செய்தியைக் கடைசியில் எழுதுகிறேன். நாம் ஐந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த பிரஜாவுரிமை மனுவுக்கு விசாரணைத் தேதி வந்துவிட்டது. மார்ச் 14, புதன்கிழமை, நுவரெலியா கச்சேரி. மனுவில் கையெழுத்திட்டவர் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மனு தள்ளுபடி. அவ்வாறாகிவிட்டால் தாங்களும் நானும் பூரணியும் எந்த நாட்டார் என்று கேட்பவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இராது. தாங்கள் மூன்று மாரிக்காலம் என்னிடம் பயின்று, கைநாட்டு வைக்காமல் 'நல்லமுத்து' என்று முழுப்பெயரையும் ஒப்பமிட்ட மனு அது. அதை மறவாதீர்கள்.

இங்கே பனி கடுமை. பள்ளத்து மலையில் கொழுந்து கருகிப்போய் வாரத்தில் நாலு நாள்தான் வேலை.

எழுத்துப்பிழை இருப்பின் பொறுத்தருள்க; இராது என்றே நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வரவை எதிர்நோக்கும்
சண்முகவடிவு


டயகம.
19-2-1956

அத்தான் அவர்களின் சமூகத்திற்குச் சண்முகவடிவு எழுதுவது.

நலம். தாங்களும் நலம் என்றே கொள்கிறேன்; நலமாக இல்லை என்று கொள்ள எனக்கு எவ்விதச் செய்தியும் தரப்படவில்லை.

கடிதமும் நிழற்படமும் வந்தன. என் கேள்விக்கு விடை சரி. கட்டுக்குள் அரித்தால் சொறிந்துகொள்வதற்காக என் கொண்டை ஊசியைத்தான் வைத்தேன். ஆகவே சொன்னவர் தாங்களே என்று தெளிந்தேன். தெளிந்தவுடன் வேறொரு வருத்தம் தொடங்கியது. விடையை எழுதியது அழகம்மாவின் கை. உலகில் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது இப்போது மூவருக்குத் தெரியும். என் கொண்டை ஊசியைப் பற்றி அவருடன் பேசும் அளவுக்குப் பழக்கம் வந்துவிட்டது போலும்.

விரல்களைப் பற்றிக் கேட்டிருந்தேன். இரண்டு முறை அடிக்கோடும் இட்டிருந்தேன். பதில் இல்லை. கொள்ளி பற்றிக் கேட்டேன். 'அது அப்படி ஆகிவிட்டது' என்று ஒரு வரி. அது எப்படி ஆயிற்று என்பதே அல்லவா கேள்வி?

நிழற்படத்தை லயமே பார்த்தது. தாங்கள் வலத்தோளிலிருந்து முழங்கால் வரை பட்டுக்கரைச் சால்வையைத் தொங்கவிட்டு நிற்கிறீர்கள். கட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன், சால்வையைக் காட்டியிருக்கிறீர்கள். அடுத்த காம்பரா வேலாயி படத்தை விளக்கடியில் பிடித்து, "ஏக்கா, நல்லமுத்தண்ணன் புது மாப்புள கணக்கால்ல நிக்கிறாரு! இந்தப் பட்டுச் சால்வ யாரு போட்டது?" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு காம்பராவுக்குள் வந்து படத்தைப் பெட்டிக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். பூரணி அதை எடுத்துத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டாள்.

மாவுக்கட்டு ஆறு வாரம் என்று டிஸ்பென்சர் ஐயா சொல்லியிருந்தார். கணக்குப் பார்த்தேன். சென்ற செவ்வாயோடு ஆறு வாரம் முடிந்தது. கட்டைப் பிரித்த பிறகும் ஏன் தங்கள் எழுத்தில் ஒரு வரி வரவில்லை? நெடுங்கடிதம் கேட்கவில்லை. 'நல்லமுத்து' என்ற ஆறு எழுத்துப் போதும். ஆறாம் எழுத்தை எழுதக் களைப்பாக இருந்தால் விட்டுவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அக்கடிதத்தின் முடிவு. 'விசாரணைக்கு நான் வர முடியாமல் போகலாம். நீ போய்ச் சொல்லிப் பார். ஆகாவிட்டால் மனத்தைத் தேற்றிக்கொள். பூரணியைப் படிக்க வை.' இந்த நான்கு வரியையும் நான் எத்தனை முறை வாசித்தேன் என்று எழுதினால் எனக்கே இழிவு. பத்து ஆண்டு என்னுடன் வாழ்ந்தவர் சொல்லும் சொல் இதுவன்று. சொல்லவைத்தவர் யார்? தமையனாரா, புஞ்சையா, பட்டுச் சால்வையா?

நான் கல்வி இல்லாத குடியில் பிறந்தவள். ஆயினும் ஒருவர் விலகிப்போவதை எழுத்தில் கண்டுகொள்ள முடியாத அளவுக்குப் பேதை அல்லேன். போவதாக இருந்தால் போகிறேன் என்று எழுதுங்கள்; தங்கள் கையால் எழுதுங்கள். அழகம்மாவின் கையால் எனக்கு விடை கொடுக்க வேண்டாம்.

ஜவுளி எடுப்பதற்காக ஜமால்தீன் நானா நாளை மறுநாள் திருச்சிக்குப் புறப்படுகிறார். இம்மடலை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் இரண்டு பொருள் எதிர்பார்க்கிறேன். ஒன்று, தங்கள் ஒப்பம். மற்றொன்று, என் கொண்டை ஊசி. கட்டுப் பிரித்தாயிற்று என்றால் அது தங்களுக்குத் தேவைப்படாது. பிறர் கூந்தலுக்கு அது போவதை நான் விரும்பவில்லை.

எழுத்துப்பிழை இருப்பின் பொறுத்தருள்க. கருத்தில் பிழை இல்லை.

சண்முகவடிவு


டயகம.
3-3-1956
ஆகாயத் தபால்

என் அத்தான் அவர்களுக்கு,

ஜமால்தீன் நானா நேற்று மதியம் வந்தார். யாரையும் கடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பும் மனிதர், இந்த மேட்டில் மூச்சிரைக்க ஏறிப் பிள்ளைமடுவத்துக்கே வந்ததும் எனக்கு ஐயம் தட்டியது. தொட்டிலில் ஒன்பது பிள்ளைகள். நான் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். காகிதத்தில் மடித்த கொண்டை ஊசியை எடுத்துப் பலகையில் வைத்து, "இந்தாங்க தங்கச்சி, ஒங்க சாமான்" என்றார். பிரித்துப் பார்த்தேன். நான் கொடுத்தபடியே இருந்தது. ஒரு முறைகூட வளையவில்லை. ஆறு வாரம் கட்டுக்குள் நுழைந்த ஊசி அப்படியா இருக்கும்?

ஒப்பம் எங்கே என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "எழுதல்ல" என்றார். ஏன் என்றேன். "என்னைய கேக்காதீங்க. சத்தியம் வாங்கிட்டாரு" என்றார். நான் விட்டேனா? அங்கே இன்னொரு குடும்பம் ஏற்பட்டுவிட்டதா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கச்சேரி அதிகாரி போல் குறுக்கு விசாரணை செய்தேன்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அட அல்லாவே! என்னா பேச்சு பேசுறீங்க! அந்த மனுசனுக்கு வலது கையே இல்ல தங்கச்சி. தோளுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அந்தப் புள்ள அழகம்மா சோறு பெசஞ்சி வைக்குது, கடுதாசி எழுதுது. அதுக்குப் புருசன் இருக்கான், ரெண்டு புள்ள இருக்கு. இதுலயா நீங்க சந்தேகத்தக் கொண்டு வச்சீங்க?"

ஒரு பிள்ளை அழுதது. எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மீதியையும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். வழியில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் இறங்கும்போதே விரல்கள் நீலம் பாரித்துவிட்டதையும், கட்டு இறுகிக் கை வெடிப்பது போல் வலித்ததையும், பக்கத்து ஆசனத்தில் இருந்த டாக்டர் ஒருவர் இங்கேயே இறங்கி ஆஸ்பத்திரியில் கட்டைப் பிளந்துவிடுவோம் என்று மன்றாடியதையும் சொன்னார். அதற்குத் தாங்கள் கூறிய பதிலையும் சொன்னார். "இல்லீங்க. எங்க வீட்டுல எழுதியிருக்காங்க, உத்தரவு இல்லாம பிரிக்கக் கூடாதுன்னு. அவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

திருச்சியில் இறங்கியபோது விரல்கள் கறுத்திருந்தனவாம். அத்தைக்குத் தங்கள் அண்ணன் கொள்ளி வைத்த வேளையில் தாங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை மேசையில் கிடந்தீர்களாம். இதை எனக்குத் தெரிவிக்கக் கூடாது என்று எல்லோரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினீர்களாம். தெரிந்தால் 'அவ எழுதினதாலதான்னு அவளுக்குத் தோணிரும்' என்றீர்களாம்.

நான் அழவில்லை. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நேரம் அது. கொடுத்தேன். பிறகு டிஸ்பென்சர் ஐயாவிடம் போனேன். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நெறத்தக் கேளுன்னு சொன்னேனே வடிவு" என்றார், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.

தங்கள் தமையனாரை ஐயுற்றேன். அழகம்மாவை ஐயுற்றேன். டிஸ்பென்சர் ஐயாவையும், முகம் தெரியாத சுங்க அதிகாரியையும் ஐயுற்றேன். ஐயுறாமல் விட்டது என் எழுத்து ஒன்றைத்தான். முந்திய கடிதத்தில் நான் எழுதியவற்றை அழகம்மா அல்லவா தங்களுக்கு வாசித்துக் காட்டியிருப்பார்? அதை எண்ணும்போது உடல் கூசுகிறது. அவரிடம் என் பெயரால் மன்னிப்புக் கேளுங்கள். விமானம் என்பதை அவர் விரும்பியபடி எழுதட்டும்.

பூரணிக்குச் சொல்லிவிட்டேன். "அப்பாவுக்கு இப்பவும் வலிக்குதாம்மா?" என்று ஒரு முறை கேட்டாள். நேற்று மாலையிலிருந்து வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் பாவாடை நாடாவை முடிய முயன்றுகொண்டிருக்கிறாள். இன்று காலையில் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு முடிந்துவிட்டாள். "அப்பா வந்தா சொல்லிக் குடுப்பேன்" என்கிறாள்.

இனி விசாரணை. மனுவில் இட்ட ஒப்பத்தை அதிகாரியின் முன் மீண்டும் இட முடியாது, ஆகவே வருவதில் பயனில்லை என்று தாங்கள் வருந்துவதாக ஜமால்தீன் நானா சொன்னார். இன்று காலை பெரிய கிளாக்கர் ஐயாவிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிச் சான்றிதழ் ஒன்று இருந்தால், ஒப்பத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை செல்லும் என்கிறார். அதிலும் ரேகை என்றால் இடக்கைப் பெருவிரலைத்தான் வைக்கச் சொல்வார்களாம். கைநாட்டு வைப்பவர்களை இந்த லயத்தில் என்னைப் போல் இளக்காரம் பேசியவர் வேறொருவர் இல்லை. அந்த வாயால் சொல்கிறேன், ரேகை போதும். ஆள் வந்து நின்றால் போதும்.

ஸ்டோரில் இனி என்ன சொல்வார்களோ, நான் அறியேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தங்களை வைத்துக்கொள்ளும்படி துரைக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினேன். இரண்டு வரிக்கு மேல் எழுத வரவில்லை. தாங்கள் வந்த பின் அருகில் இருந்து சொல்லுங்கள். எளிய சொற்களில் எழுதுகிறேன். வலக்கைக்கு மூன்று மாரிக்காலம் ஆயிற்று. இடக்கைக்கு எத்தனை ஆனாலும் பூரணியும் நானும் இருக்கிறோம்.

திங்கட்கிழமை, 12ஆம் தேதி, விமானத்தில் இடம் கிடைத்தால் அதில் வாருங்கள். கிடைக்காவிட்டால் இன்றே கப்பலுக்குப் புறப்படுங்கள். விமானமென்றால் நான் பூரணியுடன் இரத்மலானையில் காத்திருப்பேன். இம்முறை கையில் கட்டு ஏதும் இல்லை. யார் வேண்டுமானாலும் சோதிக்கட்டும்.

கொண்டை ஊசியைத் தலையில் செருகியிருக்கிறேன்.

எல்லாக் கடிதங்களின் முடிவிலும் எழுத்துப்பிழையைப் பொறுத்தருள்க என்று எழுதுவேன். பிழை இராது என்ற செருக்கில் எழுதிய வரி அது. இன்று அப்படி எழுதவில்லை. எழுத்தில் பிழை செய்துவிட்டேன். பொறுத்தருள்க.

வந்துருங்க அத்தான்.

வடிவு